காருக்கு ஊற்றிய தண்ணீர்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவர் என் கணவர்தான். மடத்துவெளி கடந்து, எங்கள் தீவிலிருந்து வெளியே போகிற கடற்பாலத்தில் ஏறுகிற இடத்தில், "இஞ்சரும், முன்னுக்கு ஏதோ கீச்சிடுது" என்றார். நான் கார் ஓட்டும்போது றோட்டைத் தவிர வேறொன்றையும் கவனிப்பதில்லை. "காத்தாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். சோழகக் காற்று தொடங்கியிருந்த நேரம். பாலத்தின் இரண்டு பக்கமும் கடல் வெள்ளை வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது. காற்றின் தலையில் போட்டால் யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. "நீர் மிதிக்க மிதிக்கக் கூடுறதுக்கு, அதென்ன காத்து?" என்றார்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு அப்போது ஒன்றரை வருசம். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டரைக்கு யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் அவருக்கென்று ஒரு டயலிசிஸ் மெஷின் ஒதுக்கியிருந்தார்கள். நாலு மணித்தியாலம் அதில் படுத்து எழும்பினால் அடுத்த முறை வரைக்கும் ஆள் ஆளாக இருப்பார். படுக்காவிட்டால் கால் வீங்கும், பிறகு முகம், பிறகு நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறி மூச்சு இழுக்கும். நேரத்துக்குப் போகாவிட்டால் காத்திருக்கிற இன்னொருவரை அந்தக் கட்டிலில் ஏற்றிவிடுவார்கள். அது நியாயம்தான். எங்களுக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இடம் கிடைத்தது. இறுப்பிட்டியில் இருக்கிற எங்களை அந்தக் கட்டில் வரைக்கும் கொண்டுபோவதற்கு இருந்தது இந்தப் பழைய கார் ஒன்றுதான். பஸ் இருக்கிறது. ஒரு தரம் பஸ்ஸில் திரும்பி வந்து, அல்லைப்பிட்டியில் மயங்கிக் கண்டக்டரின் மேல் விழுந்தார். அதோடு பஸ் முடிந்தது.

கார், அவர் தெற்கில் ஒரு சிங்கள ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கியது. கடைக்காரப் புத்தி அவரை விட்டுப் போகவே இல்லை. ஒரு சணல் நூலையும் எறியவிட மாட்டார். காரின் டிக்கியைத் திறந்தால் கடுதாசியில் சுற்றிய ஆணிகள், வயர்த்துண்டுகள், ஓட்டை ரியூப் என்று ஒரு கடையே இருக்கும். முப்பது வருசம் அவர்தான் ஓட்டினார். டொக்டர் கார் ஓட்டவேண்டாம் என்றதும், ஐம்பத்தாறு வயதில் நான் லைசன்ஸ் எடுத்தேன். அதிலிருந்து பக்கத்துச் சீற்றில் இருந்துகொண்டு வாயால் ஓட்டுவார். "மூண்டைப் போடும்." "பள்ளம் வருது." "கிளச்சிலை காலை வச்சுக்கொண்டு போகாதையும்." "மாடு நிக்குது, மாடு." மாடு எனக்குத் தெரியாதா? போகவரத் தொண்ணூறு தரம் ஏதாவது சொல்வார். வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு வாங்கோ என்று எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன்.

இப்போது காரும் சேர்ந்து கத்தத் தொடங்கியது. இரண்டு கிழமையில் அது ஒழுங்கைக்கே கேட்கிற சத்தமாகிவிட்டது. காலையில் திறப்பைத் திருப்பி எஞ்சினை ஸ்ராட் பண்ணியதும் ஒரு கீச்சல், பிறகு கொஞ்சம் அடங்கி, ஏற்றத்தில் திரும்பவும் ஒரு கீச்சல். நாங்கள் புறப்படுகிற சத்தத்தைக் கேட்டு அயலில் தேத்தண்ணிக்கு உலை வைத்தார்கள் என்று பகிடி பண்ணினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கார் நின்றால் இந்த மனிசனும் நின்றுவிடுவார். எனக்கு அந்தச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

எங்கள் தீவில் டொக்டருக்குத்தான் தட்டுப்பாடு, வைத்தியம் சொல்கிறவர்களுக்கு இல்லை. "எஞ்சின் பெல்ற் கத்துது, சவுக்காரத்தை எடுத்துப் பூசுங்கோ" என்றார்கள். பூசினேன். ஒரு நாள் பேசாமல் ஓடியது, அடுத்த நாள் இன்னும் மோசம். "முகப்பவுடர் போடுங்கோ." போட்டேன். காருக்குள் கலியாணவீட்டு வாசம் வந்தது, சத்தம் போகவில்லை. உழவு மெஷின் வைத்திருக்கிற அயலவர் ஒருவர் வந்து பொனற்றைத் திறந்து பார்த்து, "இது லூசாப் போச்சு, இறுக்கினால் சரி" என்று ஸ்பானரைப் போட்டு இறுக்கினார். பத்து நாள் சத்தமில்லை. அந்தப் பத்து நாளும் நான் அவரைப் பார்க்கிற இடமெல்லாம் கும்பிட்டேன். பதினோராம் நாள் பாலத்தில் வைத்துத் தொடங்கியது. பிறகு நானே இறுக்கப் பழகி, கத்தின நேரமெல்லாம் ஒரு சுற்று இறுக்கினேன்.

கனடாவில் இருக்கிற மகன் வீடியோவில் பெல்ற்றைக் காட்டச் சொன்னான். காட்டினேன். "அம்மா, அதை வித்துப்போட்டு ரவுணிலை வீடு எடுத்து இருங்கோவன்" என்றான். பெல்ற் கத்தினால் வீட்டை மாற்றச் சொல்கிறான். அவனும் பயத்தில்தான் சொன்னான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் போனை வைத்துவிட்டேன்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் மெஷினில் படுத்திருந்த நேரத்தில், யாழ்ப்பாணத்தில் ஒரு கார்ச் சாமான் கடையில் புது பெல்ற் வாங்கி அங்கேயே போட்டேன். கழற்றிய பழைய பெல்ற்றைக் குப்பையில் போடச் சொன்னேன். என் கணவர் திரும்பிப் போகிற வழியில் கடையில் நிறுத்தச் சொல்லி, அதைக் கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றி டிக்கியில் வைத்தார். "அது என்னத்துக்கு?" என்றேன். "கிடக்கட்டும்" என்றார். மூன்றாம் கிழமை புது பெல்ற்றும் கத்தியது. நான் கடைக்குப் போய், எனக்குப் போலிச் சாமானைத் தந்து ஏமாற்றிவிட்டீர்கள் என்று நாலு பேர் பார்க்கச் சண்டை பிடித்தேன். அந்தக் கடைக்காரரின் முகத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இனி ஒரு விசயம் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் மீதி விளங்காது. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சவர். குளிக்கலாம், தோய்க்கலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். அதை நாங்கள் நல்ல தண்ணீர் என்போம். நல்ல தண்ணீர் குசினிக்குள் மூடிபோட்ட பரலில் இருக்கும். சோறு, தேத்தண்ணி, சாமிப்படத்துக்கு முன்னால் வைக்கிற செம்பு, இவற்றுக்கு மட்டும்தான் எடுப்போம். அதில் கால் கழுவினால் எங்கள் ஊரில் ஏச்சு விழும். அவருக்கோ ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் அளவு சொல்லியிருந்தார்கள். ஒரு போத்திலில் சிவப்புக் கோடு போட்டு, காலையில் கோடு வரைக்கும் நிரப்பிக் கொடுப்பேன். இரவு வரைக்கும் அதுதான். கோடைக்காலத்தில் அவர் அந்தப் போத்திலை மடியில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். நான் மற்றப் பக்கம் பார்ப்பேன்.

காரும் தண்ணீர் குடித்தது. வாரத்துக்கு ஒருதரம் றேடியேற்றரைத் திறந்து ஊற்றுவேன், பிறகு வாரத்துக்கு இரண்டு தரம். பழைய கார், அப்படித்தான் குடிக்கும் என்று நினைத்தேன். ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். அவரும் ஊரில் வந்து இருந்த காலம் முழுக்க அதைத்தான் ஊற்றினார். யாரும் ஊற்றுவது அதைத்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சரவணையைத் தாண்டும்போது கார் கத்திய கத்தலில் றோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். டாஷ்போர்ட்டில் சிவப்பு லைற் ஒன்று பத்தி அணைந்தது. சரவணையில் ஒரு கராஜ் இருப்பது தெரியும். ஐந்து நிமிசம் காட்டிவிட்டுப் போகலாம் என்று திருப்பினேன். "நேரம் போகுது, விடும்" என்றார் அவர். நான் கேட்கவில்லை. அது என் முடிவு, என் பிழை.

கராஜ்காரருக்கு நாற்பது வயதிருக்கும். சத்தத்தைக் கேட்டதும் சவுக்காரமும் தேடவில்லை, ஸ்பானரால் இறுக்கவும் இல்லை. "பெல்ற்றைக் கழட்டிப்போட்டு ஒரு நிமிசம் ஓடவிட்டுப் பாப்பம், அக்கா" என்றார். பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற டைனமோவைப் பிடித்திருந்த இரண்டு நட்டையும் தளர்த்தி, அதை உள்ளே தள்ளி, பெல்ற்றைக் கழற்றி என் கையில் தந்தார். எஞ்சினை ஸ்ராட் பண்ணினார். ஒரு சத்தமும் இல்லை. "பாத்தியளோ? பெல்ற் தானாக் கத்தேல்லை. அது சுத்திக்கொண்டு போற சாமான் ஏதோ கத்தப் பண்ணுது."

எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கப்பியாகக் கையால் சுற்றினார். டைனமோவின் கப்பி வழுக்கிக்கொண்டு சுற்றியது. அடுத்தது வோட்டர் பம்ப், றேடியேற்றர்த் தண்ணீரை எஞ்சினுக்குள் ஓடவைக்கிறது அதுதானாம். "இதிலை கையை வச்சுப் பாருங்கோ" என்றார். வைத்துச் சுற்றினேன். கல் கிடக்கிற அரிசியை விரலால் அளைந்த மாதிரி நறநறவென்றது. பம்ப்புக்குக் கீழே வெள்ளையாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

"உப்பு" என்றார். "எந்தத் தண்ணி விடுறனீங்கள்?"

"கிணத்துத் தண்ணிதான்."

"குடிக்கிற தண்ணி விடுறேல்லையோ?"

"உமக்கென்ன விசரோ, தம்பி? குடிக்கிற தண்ணியை ஆர் காருக்கு ஊத்துவினம்?"

அவர் சிரிக்கவில்லை. "ஒருத்தரும் ஊத்தமாட்டினம், அக்கா. பாலத்துக்கு அங்காலை இருந்து வாற கார் முழுக்க இதே வருத்தம்தான். உப்பு பம்ப்பைத் திண்டிட்டுது. அது கசிஞ்சு பெல்ற்றிலை படுது, பெல்ற் வழுக்கிக் கத்துது. நீங்கள் இறுக்க இறுக்க அந்தப் பம்ப்பின்ரை கழுத்தைத்தான் நெரிச்சிருக்கிறியள்."

ஒன்றரை வருசமாக அந்த மனிசனுக்கு உப்பில்லாமல் சமைக்கிறேன். கருவாட்டை வீட்டுக்குள் வரவிடவில்லை. சொந்தக்காரர் கலியாணவீட்டில் ஒரு வடையைக் கையிலிருந்து பறித்திருக்கிறேன். அவரைக் கொண்டுபோகிற காருக்கு மட்டும் வாளி வாளியாக உப்பை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளவேண்டும் போல இருந்தது.

இந்தக் காருக்குரிய பம்ப் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும், சனிக்கிழமை கைக்கு வரும் என்றார் கராஜ்காரர். அதுவரைக்கும் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றச் சொன்னார். பெல்ற்றை அளவாகப் போட்டார். பெருவிரலால் அமத்தினால் ஒரு விரல் அகலம் இறங்கவேண்டும், அதுதான் கணக்கு என்று காட்டித் தந்தார். "வெள்ளிக்கிழமை ஒருக்காப் போய்வரலாமோ?" என்றேன். "போனாலும் போகும். சொல்ல ஏலாது" என்றார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். அன்றைக்கு வேறு மெஷின் இல்லை. வெள்ளிக்கிழமை எப்படியும் வந்துவிடுங்கோ, தவறவிட்டால் ஆபத்து என்று டொக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

புதனும் வியாழனும் நான் போன் எடுத்துக் கேட்காத ஆள் இல்லை. ஹயருக்கு ஓடுகிற வான்காரருக்குக் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆட்டோக்காரருக்கு மனைவியின் பிள்ளைப்பேறு. எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு வீட்டில் கார் நிற்கிறது, சீலையால் மூடி, ரயரில் காற்றிறங்கி. திறப்பெல்லாம் கனடாவிலும் பிரான்சிலும். வியாழன் பின்னேரம் அவருக்குக் கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று கதிரையிலேயே இருந்தார். பவுசர் சனிக்கிழமைதான் வரும். பரலின் அடியில் கிடந்ததைச் சரித்து அள்ளினேன். றேடியேற்றருக்கு ஊற்றியது போக ஒரு சின்னக் கான் தண்ணீரும், கோடு வரைக்கும் நிரப்பிய அவருடைய போத்திலும் மிஞ்சியது. வீட்டில் அவ்வளவுதான் நல்ல தண்ணீர்.

வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கே வெளிக்கிட்டோம். கார் தொடக்கத்திலிருந்தே கத்தியது. வாயால் ஓட்ட அவருக்கு மூச்சில்லை. பாலத்தில் ஏறினோம். காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. நான் ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிற்காதே, நிற்காதே என்று காரைக் கெஞ்சினேன். பாலத்தின் நடுப்பகுதி வந்திருக்கும். திடீரென்று சத்தம் நின்றது.

சுத்தமாக நின்றது. மூன்று மாதமாக என் மண்டைக்குள் இருந்த அந்தக் கீச்சல் இல்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "நிண்டிட்டுதப்பா! சாமிதான் நிப்பாட்டினது!" என்றேன்.

"காரை நிப்பாட்டும்" என்றார்.

"ஏன்? இப்பதானே..."

"நிப்பாட்டும் எண்டுறன்!"

சிவப்பு லைற் பத்தி நின்றது. சூடு காட்டுகிற ஊசி மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஓரங்கட்டிப் பொனற்றைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. பெல்ற் நார்நாராகக் கிழிந்து கீழே தொங்கியது.

கராஜுக்குப் போன் எடுத்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. அம்புலன்சுக்கு எடுத்தேன். வண்டி வேறொரு நோயாளியோடு போயிருக்கிறது, திரும்பி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பஸ் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. முன்னும் பின்னும் பாலம், இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு நிழலில்லை. அந்த நேரத்தில் வேறொரு வாகனமும் பாலத்தில் தெரியவில்லை. அவர் கதவைத் திறந்து காலை வெளியே போட்டுக்கொண்டு, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். உதடு கறுத்துவிட்டது. நான் றோட்டில் நின்று அழுதேன். கிணற்றைத் திட்டினேன், மகனைத் திட்டினேன், இந்தத் தீவில் கொண்டுவந்து இருத்தியதற்கு அவரையும் திட்டினேன்.

"டிக்கியைத் திறவும்" என்றார் அவர்.

பேப்பரில் சுற்றி, றப்பர் பாண்ட் போட்டு, ஆணிகளுக்கும் ஓட்டை ரியூப்புக்கும் நடுவில் இருந்தது, நான் குப்பையில் போடச் சொன்ன பழைய பெல்ற்.

செவ்வாய்க்கிழமை பார்த்ததை நினைத்து நினைத்துச் செய்தேன். டைனமோவின் இரண்டு நட்டு. ஒன்று உடனே இளகியது. மற்றது அசையவில்லை. ஸ்பானரின் மேல் ஏறி நின்றேன், சேலையோடு, ஐம்பத்தெட்டு வயதில். இளகியது. சுட்டுக்கொண்டிருந்த இரும்புக்குள் கையை விட்டுப் பெல்ற்றை மூன்று கப்பியிலும் மாட்டினேன். கை இரண்டு இடத்தில் பொரிந்தது, அது அப்போது தெரியவில்லை. டைனமோவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க எனக்கு இரண்டு கை காணாது. அவர் எழும்பி வந்தார். வேண்டாம் என்று கத்தினேன். காரில் சாய்ந்து நின்று, ஜக் கம்பியைக் கொடுத்து டைனமோவை நெம்பிப் பிடித்தார். கம்பி நடுங்கியது. "இறுக்கும், கெதியா" என்றார். பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். ஒரு விரல் அகலம்.

பிறகு றேடியேற்றர் ஆறும்வரைக்கும் காத்திருக்கவேண்டும். அந்தப் பதினைந்து நிமிசத்தைப் போல ஒன்றை என் சீவியத்தில் நான் கண்டதில்லை. நான் மூடியில் கைவைக்கப் போகும்போதெல்லாம் "பொறும், முகத்தை அவிச்சுப்போடும்" என்றார். சீலைத்துணியைப் போட்டுத் திறந்தபோது உள்ளே தண்ணீரே தெரியவில்லை. கானில் இருந்ததை ஊற்றினேன். முழுவதும் போனது. குனிந்து பார்த்தேன், இன்னும் தெரியவில்லை.

நான் வெறுங்கானைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் கல்லில் இறங்கினேன். கடல் கைக்கெட்டும் தூரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பம்ப் போனால் போகட்டும், எஞ்சின் போனால் போகட்டும், சரவணை வரைக்கும் போனால் காணும் என்று நினைத்தேன்.

"இஞ்சரும்! இன்னும் உப்போ?" என்று கூப்பிட்டார். திரும்பினேன். அவர் காரின் முன்னால் நின்றார், கையில் சிவப்புக் கோடு போட்ட போத்தில்.

"அது உங்கடை தண்ணி" என்றேன். "இண்டைக்கு முழுக்க உங்களுக்கு அதுதான். அதைத் தரமாட்டன்."

"எனக்குத் தண்ணி கூடாதெண்டு எல்லாரும் சொல்லுகினம். இதுக்கு வேணும் எண்டு சொல்லுகினம். பேந்தென்ன?"

"ஒரு முடறாவது குடியுங்கோ."

அவர் மூடியைத் திறந்தார். எப்போதும் போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரலை நனைத்து உதட்டில் பூசினார், அவ்வளவுதான். அந்த வீங்கின கையால், ஒரு சொட்டு வெளியே போகாமல், முழுவதையும் றேடியேற்றருக்குள் விட்டார். கடைசித் துளிக்காகப் போத்திலைக் கவிழ்த்து வைத்துத் தட்டினார், கடையில் எண்ணெய் அளந்து ஊற்றுகிறவர் போல. "இப்ப ஸ்ராட் பண்ணும்" என்றார்.

திறப்பைத் திருப்பினேன். கார் கத்தியது. அந்தக் கீச்சலைக் கேட்டு நான் ஸ்ரியறிங்கில் தலையை வைத்துக் கும்பிட்டேன்.

சரவணை வரைக்கும் ஊர்ந்தோம். கராஜ்காரர் மெஷினால் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார், போன் கேட்கவில்லையாம். என் கணவரைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல், திருத்த வந்திருந்த யாரோ ஒருவருடைய வானின் கதவைத் திறந்தார். "சொந்தக்காரர் வந்து கேட்டா நான் சொல்லுறன். ஏறுங்கோ" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டரை தாண்டி முக்கால் மணித்தியாலம். காத்திருந்த ஒருவரைக் கட்டிலில் ஏற்ற ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். நேர்ஸ் மிஸி என் கணவரின் மூச்சைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு மற்றவரிடம் மெல்ல ஏதோ சொன்னார். அந்த மனிதர் எழும்பிப்போய்க் கதிரையில் இருந்தார். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நானும் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றவள்தான்.

ஊசி ஏற்றும்போது மிஸி வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஐயா, காலமை எவ்வளவு தண்ணி குடிச்சனீங்கள்?"

"நான் ஒண்டும் குடிக்கேல்லை, மிஸி" என்றார் அவர். "கார்தான் குடிச்சது."

மிஸிக்கு விளங்கவில்லை. நல்ல பிள்ளை என்று அவரைப் புகழ்ந்துவிட்டுப் போனார். நான் வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நின்றேன்.

பம்ப் சனிக்கிழமை வந்தது. கழற்றிய பழையதின் உள்ளே இருந்த தகடு உப்புத் தின்று பல்லுப்போன சீப்பாக இருந்தது. இப்போது பவுசர் வந்தால் முதல் கான் காருக்கு. அயலவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நல்ல தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறாள் என்று ஒருத்தி நேரடியாகவே ஏசினாள். ஏசட்டும். சாமான் கடைக்காரரிடம் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். பொரிந்த கையும் ஆறிவிட்டது.

கார் இப்போது கத்துவதில்லை. அதனால் எனக்கு நிம்மதி வந்தது என்று சொன்னால் பொய். பாலத்தில் ஏறினதும் என் காது தானாக விறைத்துப்போகும். சத்தம் இல்லாத இடத்தில்தான் எனக்குப் பயம். அவரும் முந்தியைப் போல இல்லை. மெஷினில் இருந்து இறங்கினால் அலுப்பு, யாழ்ப்பாணத்தின் எல்லையில் இருக்கிற பண்ணையைத் தாண்டுமுன்னமே கண் சொருகிவிடும். மாட்டைக் காட்டுவதில்லை, பள்ளத்தைச் சொல்வதில்லை.

போன வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் திரும்பிப் பார்த்தேன். தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. எஞ்சின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. காற்றுக்கூட அன்றைக்கு இல்லை. அவருடைய மூச்சு எனக்குக் கேட்கவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றேன். "இஞ்சாருங்கோ! நான் எத்தினையாம் கியரிலை போறன்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, கண்ணைத் திறக்காமலே, "இரண்டிலை" என்றார். "எஞ்சின் அழுகுது. மூண்டைப் போடும்."

போட்டேன்.